கே 70: எழுதப்படாமல் போகும் ஒரு காரணம்

வன்னியில் பெரும்பாலான வீடுகளில் ஆவணங்கள் ஒரு பொலித்தீன் பைக்குள்தான் இருக்கும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பழகிய பழக்கம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, செஞ்சிலுவைச் சங்கம் தந்த துண்டு, இவற்றோடு கிளினிக் கொப்பியும் டயக்னோசிஸ் காட்களும். ஓடும்போது எதை விட்டாலும் இந்தப் பையை விட்டதில்லை. ஆனால் அந்தப் பைக்குள் இருக்கிற டயக்னோசிஸ் காட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், வீட்டில் யாருக்கும் தெரியாது. அது ஆங்கிலத்தில் இருக்கும். அதிலும் வைத்தியர்களின் சுருக்கெழுத்தில் இருக்கும்.

கடந்த சில மாதங்களாக இந்தக் காட்களைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் மருத்துவம் படித்தவன் அல்லன், ஊடகம் படித்தவன். எனவே தெரிந்த வைத்தியர்களிடமும், வைத்தியசாலை ஆவண அறைகளில் வேலை செய்கிறவர்களிடமும் கேட்டுக் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டேன். பேசியவர்கள் பெயர் வேண்டாம் என்றார்கள். காட்களைக் காட்டிய குடும்பங்களின் பெயரையும் ஊரையும் நானாகவே தவிர்க்கிறேன்.

தொடங்கிவைத்தது கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பெண் காட்டிய மூன்று காட்கள். கணவர் ஐம்பது வயதாக முன்னமே இறந்துபோனார். முதல் தடவை இரத்தவாந்தி எடுத்து வாட்டில் இருந்தார். அந்தக் காட்டில் எழுதியிருந்தது இரத்தவாந்தி என்பது மட்டும். சில மாதம் கழித்து வயிறு வீங்கி மீண்டும் அனுமதி. அந்தக் காட்டில் வயிற்றில் நீர் தேங்கியது என்று இருந்தது. மூன்றாவது தடவை ஆள் மாறாட்டமாகக் கதைத்து, பிறகு மயங்கிப் போனார். ஈரல் பழுதால் மூளை பாதிப்பு என்று எழுதியிருந்தது. இறப்புச் சான்றிதழில் ஈரல் செயலிழப்பு.

நான்கு ஆவணங்களிலும் குடி என்ற சொல்லே இல்லை. அந்த மனிதர் 2009 இன் பின்னர் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் குடித்தவர். அதை அந்தப் பெண்ணும் மறைக்கவில்லை, ஊரும் மறைக்கவில்லை.

"இதிலை என்ன பிரச்சினை?" என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் யோசித்தேன். ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்வி வேறாக இருந்தது. "தம்பி, இது பரம்பரையா வாற வருத்தமோ? பிள்ளையளுக்கும் வருமோ?" மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். ஈரல் வருத்தம் உள்ள குடும்பம் என்று ஒரு கதை ஊரில் கிளம்பியிருக்கிறது. இன்னொரு பக்கம், இறந்தவரின் தம்பி இன்னும் குடிக்கிறார். யாராவது சொன்னால் அவர் சொல்லும் பதில்: "அண்ணைக்குக் குடியாலை வந்ததெண்டால் காட்டிலை எழுதியிருப்பாங்கள் தானே?"

எழுதாமல் விட்ட ஒரு சொல், ஒரு வீட்டில் வீண் பயமாகவும் அடுத்த வீட்டில் வீண் தைரியமாகவும் மாறியிருக்கிறது.

ஒரு எழுத்தும் இரண்டு இலக்கமும்

உலகம் முழுவதும் வைத்தியசாலைகள் நோய்களுக்கு ஒரு குறியீடு போடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் பராமரிக்கும் சர்வதேச நோய் வகைப்பாடு அது. சுருக்கமாக ஐ.சீ.டீ. அதன் பத்தாவது பதிப்பு 1990 இல் ஏற்கப்பட்டது. ஒரு ஆங்கில எழுத்து, அதற்குப் பிறகு இலக்கங்கள். சமிபாட்டுத் தொகுதி நோய்கள் எல்லாம் 'கே' என்ற எழுத்தின் கீழ் வரும். ஈரல் நோய்களுக்குக் கே 70 முதல் கே 77 வரை ஒதுக்கியிருக்கிறார்கள்.

இதில் கே 70 மதுவால் வரும் ஈரல் நோய்க்கு மட்டும் உரியது. அதற்குள்ளும் படிகள் உண்டு. கே 70.0 என்றால் ஈரலில் கொழுப்புப் படிந்த நிலை. பெரும்பாலும் ஆளுக்கு எந்தக் குணங்குறியும் இருக்காது. குடியை விட்டால் ஈரல் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய கட்டம் இது. கே 70.1 மதுவால் வரும் ஈரல் அழற்சி. கண் மஞ்சளாகி, காய்ச்சலோடு வருவார்கள். கடுமையாக வந்தால் சில வாரங்களிலேயே உயிரைக் கொண்டுபோகும். கே 70.2 வடுக்கட்டத் தொடங்கிய ஈரல். கே 70.3 சிரோசிஸ், அதாவது முழு ஈரலும் வடுவாகிச் சுருங்கியது. எங்கள் ஆட்கள் ஈரல் சுருங்கிப் போச்சு என்று சொல்வது இதைத்தான். கே 70.4 செயலிழந்த ஈரல். விபரம் தெரியாவிட்டால் கே 70.9.

மது என்ற சொல் இல்லாமல் வெறுமனே சிரோசிஸ் என்று எழுதினால் அது கே 74.6 க்குப் போகும். எங்கள் வைத்தியசாலைகளில் அதிகம் எழுதப்படும் சுருக்கம் ஒன்று இருக்கிறது: சீ.எல்.சீ.டீ. நாட்பட்ட ஈரல் கல நோய் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். நான் பார்த்த காட்களில் பாதிக்கு மேல் இதுதான் இருந்தது. காரணம் எதையும் சொல்லாத சொல் அது. காரணம் சொல்லாத நாட்பட்ட ஈரல் நோய் என்று குறியீட்டுப் புத்தகத்தில் தேடினால் கே 76.9 இல் கொண்டுபோய் விடும். இனங்குறிப்பிடப்படாத ஈரல் நோய் என்று அதற்கு அர்த்தம்.

இப்போது அந்த மூன்று காட்களைப் பாருங்கள். இரத்தவாந்தி கே 92.0. வயிற்று நீர் ஆர் 18. ஈரலால் மூளை பாதிப்பு கே 72.9. ஒரே மனிதர், ஒரே நோய், மூன்று அனுமதி, மூன்று வேறு பெட்டிகள். ஒன்றுகூட கே 70 இல் விழவில்லை. ஆர் என்ற எழுத்தில் தொடங்குபவை நோயே அல்ல, குணங்குறிகள்.

முதல் காட்டில் வைத்தியர் இரண்டு சொல் கூட எழுதியிருந்தால் போதும். மதுவால் வந்த சிரோசிஸ், அதனால் உணவுக்குழாய் நாளம் வெடித்து இரத்தப்போக்கு என்று எழுதியிருந்தால், வகைப்பாட்டில் அதற்கென்றே ஒரு சோடிக் குறியீடு இருக்கிறது. கே 70.3 முதலில் வரும், இரத்தப்போக்குக்கான ஐ 98.3 அதன் பின்னால் வரும். அடிப்படை நோய் முன்னுக்கு நிற்கும்.

யார் போடுகிறார்கள் இந்தக் குறியீட்டை?

வைத்தியர் அல்லர். இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம்.

நோயாளி வீட்டுக்குப் போன பிறகு, வாட்டில் இருந்த கோப்பு (பீ.எச்.ரி. என்று ஊழியர்கள் சொல்வது) ஆவண அறைக்குப் போகும். அங்கே இருக்கும் ஊழியர் வைத்தியர் எழுதிய நோயின் பெயரைப் பார்த்து அதற்குரிய குறியீட்டைப் பதிவார். முன்பு காகிதத்தில், இப்போது பெரும்பாலும் கணினியில். அரச வைத்தியசாலைகளில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்கள் பற்றிய இந்தப் பதிவுகள் சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்குப் போகும். ஆங்கிலத்தில் ஐ.எம்.எம்.ஆர். என்பார்கள். வருடாந்த சுகாதார வெளியீட்டில் மாவட்டம் மாவட்டமாக வரும் அட்டவணைகள் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

வெளிநோயாளர் பிரிவில் மருந்து எடுத்துப் போனவர் இதில் இல்லை. தனியார் வைத்தியசாலைக்குப் போனவர் இல்லை. வீட்டிலேயே கிடந்து செத்தவரும் இல்லை.

ஆவண அறை ஊழியர் ஒருவரிடம் கேட்டேன்: கோப்பின் உள்ளே "தினமும் சாராயம், பதினைந்து வருடம்" என்று வைத்தியர் குறித்திருக்கிறார், ஆனால் முடிவில் சீ.எல்.சீ.டீ. என்று மட்டும் எழுதியிருக்கிறார். நீங்கள் கே 70 போடலாமா? அவர் சிரித்தார். "நான் டொக்டர் இல்லையே. எழுதினதைத்தான் போடலாம். நானா யோசிச்சுப் போட்டா அது களவு."

அவர் சொன்னது சரி. குறியீடு போடுகிறவர் காரணத்தை ஊகிக்கக் கூடாது. சீனி வருத்தம் உள்ள ஒருவர் குடிப்பவராகவும் இருக்கலாம். எது ஈரலைக் கெடுத்தது என்று தீர்மானிப்பது வைத்தியரின் வேலை. ஆகவே எல்லாம் அந்த ஒரு வரியில் தொங்குகிறது. வாட்டில் அந்த வரியை எழுதுபவர் பெரும்பாலும் பயிற்சிக் காலத்தில் இருக்கும் இளம் வைத்தியர். ஒரு நாளில் இருபது, முப்பது பேரை வீட்டுக்கு விட வேண்டியிருக்கும் நாட்களும் உண்டு.

களைப்பு மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஒரு வைத்தியர் மிகத் தெளிவாகச் சொன்னார்: "மனுசி பக்கத்திலை நிண்டு கெஞ்சும், டொக்டர் அதை எழுதிப் போடாதேங்கோ எண்டு. எழுதி நான் என்னத்தைக் கண்டன்?" காப்புறுதி கிடைக்காது என்ற பயம், வேலை இடத்தில் தெரிந்துவிடும் என்ற பயம், பிள்ளைகளின் கலியாணம். இந்த இரக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கே 70 குறைந்திருக்கும் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு, இந்த மாவட்டத்தில் மதுவால் வரும் நோய் பெரிய பிரச்சினை இல்லை என்று ஒரு அதிகாரி கொழும்பில் இருந்து சொல்லலாம். போதைமீட்பு நிலையம், உளநல வைத்தியர், எண்டோஸ்கொப்பி இயந்திரம் எல்லாவற்றையும் கேட்டுப் பெறுவதற்கு மாவட்டத்தின் கையில் இருக்க வேண்டிய ஆயுதம் இந்த எண்ணிக்கைதான்.

அரசுக்கு மதுவரி எவ்வளவு வந்தது என்பது சதம் வரைக்கும் தெரியும். மதுவால் எத்தனை ஈரல் போனது என்பதற்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. கசிப்பு இரண்டு கணக்கிலும் இல்லை.

மறுபக்கத் தவறு

இதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் பாதி உண்மைதான். எழுத வேண்டிய இடத்தில் மது எழுதப்படாமல் போவது ஒரு தவறு. எழுதக்கூடாத இடத்தில் எழுதப்படுவது இன்னொன்று.

கூலி வேலை செய்யும் ஆண், சாரம், வாயில் கள்ளு மணம், கண்ணில் மஞ்சள். பார்த்த உடனேயே முடிவு எழுதப்பட்டுவிடுகிறது. ஹெப்பரைற்றிஸ் பி, சி இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு இரத்தப் பரிசோதனை. இலங்கையில் இந்த வைரஸ்கள் குறைவு என்பது உண்மைதான். அதனாலேயே கேட்காமல் விடுவதும் நடக்கிறது. செல் காயம் பட்டு, அவசர நிலையில் இரத்தம் ஏற்றப்பட்ட ஒருவர் எங்கள் பகுதிகளில் அபூர்வமான ஆள் அல்லர். அப்படி ஒருவருக்கு ஈரல் பழுது என்றால், குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்வது நல்லது. சிகிச்சை வேறு.

பெண்களுக்கு நடப்பது இன்னும் கொடுமை. யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். வாழ்நாளில் ஒரு துளி மது தொட்டவர் இல்லை. நீண்ட காலமாகச் சீனி வருத்தம். சிரோசிஸ் என்று தெரியவந்ததும் உறவுக்காரர்களே இரகசியமாகக் கேட்டார்களாம், ரீச்சர் மறைச்சுக் குடிச்சவாவோ என்று. ஈரல் என்றால் குடி என்று எங்கள் மனதில் பதிந்திருக்கிறது. உண்மையில் குடிக்காதவர்களுக்கு வரும் கொழுப்பு ஈரல் இலங்கையில் மிகப் பரவலானது. ராகமையில் நடந்த ஆய்வொன்று 2009 இல் வெளியானது. அங்கே நகர்ப்புறத்தில் பரிசோதிக்கப்பட்ட வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது இருந்தது. சீனி, உடற்பருமன், கொழுப்பு என்பவைதான் அதன் துணைகள். ஒரு பகுதியினருக்கு அதுவும் காலப்போக்கில் சிரோசிசாக மாறும்.

ஆக, இரண்டும் சேர்ந்திருந்தால்? சீனியும் இருக்கிறது, குடியும் இருக்கிறது. எங்கள் ஊர்களில் இதுதான் சாதாரணம். பத்தாவது பதிப்பில் இதற்கென்று ஒரு பெட்டி கிடையாது. 2023 இல் ஈரல் வைத்திய நிபுணர்களின் சர்வதேச அமைப்புகள் கொழுப்பு ஈரலுக்குப் புதிய பெயர்களைக் கொண்டுவந்தபோது, இந்த இடைப்பட்டவர்களுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். கணக்கு கிராமில். ஆண் ஒருவர் கிழமைக்கு 210 கிராம் முதல் 420 கிராம் வரை மதுசாரம் எடுத்து, சீனி, பருமன் போன்றவையும் இருந்தால் அவர் கலப்பு வகை. 420 ஐத் தாண்டினால் மதுவால் வந்த ஈரல் நோய். பெண்களுக்கு இந்த எல்லைகள் 140 உம் 350 உம்.

கிராம் என்றால் யாருக்கு விளங்கும்? போத்தல் கணக்கில் மாற்றிப் பார்த்தேன். கடைச் சாராயத்தில் மதுசாரம் 33 சதவீதத்துக்கும் 37 சதவீதத்துக்கும் இடைப்பட்டது. குறைந்த அளவையே எடுத்துக்கொண்டாலும், 180 மில்லிலீற்றர் கால் போத்தலில் ஏறக்குறைய 48 கிராம் மதுசாரம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு கால் அடிப்பவருக்குக் கிழமைக்கு 336 கிராம். நடுப்பெட்டி. ஒவ்வொரு நாளும் அரைப் போத்தல் என்றால் 700 கிராமை நெருங்கும். எல்லையைத் தாண்டி வெகுதூரம். "நான் பெரிசாக் குடிக்கிறேல்லை, பின்னேரத்திலை ஒரு கால் மட்டும்" என்று சொல்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம். கசிப்பில் எவ்வளவு வீதம் என்பதைக் காய்ச்சியவரே அறியமாட்டார்.

இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் நோயின் பெயரில் இருந்த 'குடிகாரர்' என்று ஒலிக்கும் சொல்லை நிபுணர்கள் கைவிட்டு, 'மதுவோடு தொடர்புபட்ட ஈரல் நோய்' என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். பெயர் ஆளைத் திட்டக்கூடாது என்பதே நோக்கம். தமிழில் எங்களுக்கு இது சுலபம். மதுசார் ஈரல் நோய் என்று எழுதினால் யாரையும் திட்டாமலே காரணம் வந்துவிடும். மனைவிமார் "அதை எழுதாதேங்கோ" என்று கெஞ்சுவதில் பாதி, சொல்லின் மீதுள்ள பயம்.

இறப்புச் சான்றிதழ்

இறப்புச் சான்றிதழில் உள்ள 'காரணம்' என்ற கூட்டைப் பற்றி எங்கள் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காணாமற்போனவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டம் வந்தபோது, எத்தனை தாய்மார் அதை வாங்க மறுத்தார்கள் என்பது இந்தத் தளத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு கடதாசியில் என்ன எழுதப்படுகிறது என்பதற்காக வருடக்கணக்கில் தெருவில் இருந்தவர்கள் நாங்கள். அதே கவனம் சாதாரணச் சாவுகளில் இல்லை.

வைத்தியசாலையில் நடக்கும் சாவுக்கு வைத்தியர் காரணத்தை அறிவிக்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் படிவ முறையில் இது ஒரு ஏணி மாதிரி. மேல் வரியில் கடைசியாக உயிரைக் கொண்டுபோனது, அதன் கீழே அதற்குக் காரணமானது, அதற்கும் கீழே அதற்குக் காரணமானது. புள்ளிவிபரத்துக்கு எடுப்பது பொதுவாக ஏணியின் அடிப்படியை. மேல் வரியில் மூளை பாதிப்பு, அடுத்ததில் சிரோசிஸ், அதோடு நிறுத்தினால் கே 74.6. இன்னொரு வரி இறங்கி மதுவுக்கு அடிமையானமை என்று எழுதியிருந்தால், வகைப்பாட்டின் விதிகளே அந்தச் சிரோசிசை கே 70.3 ஆக மாற்றச் சொல்கின்றன. ஒரே ஒரு வரி.

இதயம் நின்றது என்று மட்டும் எழுதினால் எதற்கும் உதவாது. யாருடைய இதயம் நிற்காமல் சாவு வந்தது? இப்படிப்பட்டவற்றை ஆய்வாளர்கள் 'குப்பைக் குறியீடு' என்று நேராகவே சொல்கிறார்கள்.

வீட்டில் நடக்கும் சாவு வேறு கதை. கிராம அலுவலரின் அறிக்கை, வீட்டார் சொல்வது, கையில் இருக்கும் பழைய கிளினிக் கொப்பி ஆகியவற்றை வைத்துப் பதிவாளர் காரணத்தை எழுதுகிறார். அவர் வைத்தியர் அல்லர். வீட்டார் என்ன சொல்கிறார்களோ அதுதான். திடீர்ச் சாவு என்றால் மரண விசாரணை அதிகாரி வருவார். எந்த வழியாகப் போனாலும் குடியைச் சொல்லாமல் விடுவதற்கு நிறையச் சந்தர்ப்பம் இருக்கிறது.

மேலே சேர்க்கும்போது இன்னொரு மறைப்பும் நடக்கும். வகைப்பாட்டில் இறப்புகளைச் சுருக்கிக் காட்டும் பொதுப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் கே 70 முதல் கே 76 வரை ஒரே வரி: ஈரல் நோய்கள். வைத்தியர் கவனமாக எழுதி, ஊழியர் கவனமாகக் குறியிட்ட கே 70.3 கூட அந்த வரிக்குள் கரைந்துவிடும். நோயாளர் பட்டியலில் மதுசார் ஈரல் நோய் தனி வரியாக இருக்கிறது. அறிக்கைகளை வாசிக்கும் எங்கள் பத்திரிகையாளர்கள் எந்தப் பட்டியலைப் பார்க்கிறோம் என்று கவனிக்க வேண்டும்.

யுத்தத்துக்குப் பிறகு வடக்கில் குடியால் வரும் சாவு கூடிவிட்டதா? இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கூடிவிட்டது என்று மேடைகளில் அடித்துச் சொல்கிறார்கள். எதனோடு ஒப்பிட்டு? 1991 இல் நாட்டில் குடிசன மதிப்பீடே நடக்கவில்லை. 2001 இல் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. வடக்கும் கிழக்கின் பெரும்பகுதியும் விடுபட்டன. 1981 க்குப் பிறகு 2012 இல்தான் முழு நாட்டையும் எண்ணினார்கள். வைத்தியசாலைகளோ இடம்பெயர்ந்து, மரங்களுக்குக் கீழேயும் பாடசாலைகளிலும் இயங்கின. மேலே வைக்க வேண்டிய எண்ணும் இல்லை, கீழே வைக்க வேண்டிய சனத்தொகையும் இல்லை. 'கூடிவிட்டது' என்பதை எங்கள் கண் சொல்கிறது. அட்டவணையால் அதைச் சொல்ல முடியாது. 2024 இறுதியில் மதுபான அனுமதிப்பத்திரங்கள் பற்றி நாடாளுமன்றத்தில் சத்தம் எழுந்தபோது கிளிநொச்சியின் பெயரும் அடிபட்டது. அந்த விவாதத்தில் எங்கள் பக்கத்தில் வைப்பதற்கு ஒரு நோய்க் கணக்கு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

யுத்தத்துக்கும் குறியீடு உண்டு

ஐ.சீ.டீ. புத்தகத்தைப் புரட்டும்போது என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது ஈரல் பக்கம் அல்ல.

யுத்த நடவடிக்கையால் ஏற்பட்ட காயத்துக்கு வை 36 என்று குறியீடு இருக்கிறது. குண்டுச் சிதறலுக்கு அதற்குள் தனி உட்பிரிவு. யுத்தக் காயத்தின் பின்விளைவுகளுக்கு வை 89.1. உடம்புக்குள் தங்கிவிட்ட அந்நியப் பொருளுக்கு எம் 79.5, எங்கள் ஆட்கள் பீஸ் என்று சொல்வது. மனவடு நெருக்கீட்டுக்கு எஃப் 43.1. கடைசியாக இசட் 65.5: அனர்த்தம், யுத்தம் மற்றும் வன்முறைகளுக்கு முகம் கொடுத்தவர். ஜெனீவாவில் இருந்து யாரோ எங்களையும் நினைத்து ஒரு இலக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் பார்த்த எந்தக் காட்டிலும் அது இல்லை.

மது அடிமைத்தனத்துக்கு எஃப் 10.2. அதுவும் ஈரல் நோயாளிகளின் காட்களில் அபூர்வம். ஈரல் வாட்டுக்கு வந்தால் ஈரல் எழுதப்படும், மனநலப் பிரிவுக்குப் போனால் மனம் எழுதப்படும். ஒருவருடைய முதுகில் இருக்கும் பீஸ், இரவில் வராத நித்திரை, நித்திரைக்காகத் தொடங்கிய கால் போத்தல், பதினைந்து வருடம் கழித்துச் சுருங்கிய ஈரல். இவற்றுக்கு நான்கு குறியீடுகள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி போட அந்தப் புத்தகத்தில் வழி இல்லை. எங்கள் சமூகத்தின் கூட்டு மனவடு பற்றி எழுதிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளநல மருத்துவர்கள் மதுப் பாவனையையும் அந்தப் பாதிப்பின் ஒரு பகுதியாகவே பார்த்தார்கள். புள்ளிவிபர அட்டவணை அப்படிப் பார்க்கத் தெரியாதது.

அதற்காக எல்லாக் குடியையும் யுத்தத்தின் தலையில் கட்டுவதற்கும் நான் தயாரில்லை. முகாமில் இருந்து வந்து, அதே இழப்போடு, குடிக்காமல் தோட்டம் செய்தவர்களும் இருக்கிறார்கள். அடி வாங்கிய மனைவிமாரும் அதே யுத்தத்தைக் கடந்தவர்கள்தான். ஆனால் காரணம் எழுதப்பட்டால் மட்டுமே இதை விவாதிக்கவாவது முடியும்.

பதினொராவது பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் மதுசார் ஈரல் நோய்க்கு டீ.பீ. 94 என்று புது இலக்கம். பல குறியீடுகளை ஒன்றோடு ஒன்று கோர்த்து எழுத அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். நாடுகள் மெல்ல மெல்லத்தான் மாறும். வைத்தியர் காரணத்தை எழுதாவிட்டால் எந்தப் பதிப்பும் ஒன்றும் செய்யாது.

நீங்கள் கேட்கக்கூடியவை

காட்டைக் கையில் வாங்கும்போது, "டொக்டர், இதிலை வருத்தத்தின்ரை பெயர் என்ன, அது எதாலை வந்ததெண்டு எழுதியிருக்கோ?" என்று கேளுங்கள். தமிழில் ஒரு வரி கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லியும் கேட்கலாம். பெரும்பாலான வைத்தியர்கள் எழுதித் தருவார்கள்; கேட்பவர்கள்தான் குறைவு. குடியைப் பற்றிக் கேட்டால் என்ன வகை, ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருடம் என்று மூன்றையும் உள்ளபடி சொல்லுங்கள். "இடைக்கிடை" என்ற சொல் யாருக்கும் உதவாது. சீனி, பிரஷர் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காட்டில் குடியால் என்று எழுதியிருந்தால் அதைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்று நினைக்கவும் வேண்டாம். சிரோசிஸ் வந்த பிறகுகூடக் குடியை முழுதாக விட்டவர்கள், விடாதவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். காரணம் தெரிந்த ஈரல் நோய்களில், காரணத்தை நிறுத்துவதே பெரிய சிகிச்சையாக இருப்பது இது.

இன்னொன்று அவசரமானது. தினமும் குடிப்பவர் வேறு ஏதாவது வருத்தத்துக்காக, கால் முறிந்தோ காய்ச்சலாகவோ, வாட்டில் அனுமதிக்கப்பட்டால் அன்றே குடி நின்றுவிடும். ஓரிரு நாளில் கை நடுங்கும், வியர்க்கும், வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாததைக் கண்டு கத்துவார். விசர் பிடித்துவிட்டது என்றோ பேய் பிடித்துவிட்டது என்றோ வீட்டார் பயப்படுவார்கள். இது மது திடீரென நின்றதால் வருவது, எஃப் 10.3, எஃப் 10.4 என்று அதற்கும் குறியீடு இருக்கிறது, உயிராபத்தும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. அனுமதிக்கும்போதே மிசியிடமோ டொக்டரிடமோ ஆள் தினமும் குடிப்பவர், கடைசியாகக் குடித்தது எப்போது என்று சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு மறைத்து, மூன்றாம் நாள் ஆளைக் கட்டிலோடு கட்டிவைக்கும் நிலைக்கு வந்த வீடுகளைக் கண்டிருக்கிறேன். இதே காரணத்தால், நீண்ட காலம் நிறையக் குடித்தவர் வீட்டில் தானாகத் திடீரென்று நிறுத்துவதும் வைத்திய ஆலோசனையோடு நடக்க வேண்டும். மாவட்டத்தின் பெரிய வைத்தியசாலைகளில் உளநலக் கிளினிக் இருக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926.

சாவு வீட்டில் இதையெல்லாம் யோசிக்க யாருக்கும் மனம் வராது. ஆனாலும் வைத்தியசாலையில் இருந்து உடலை எடுக்கும்போது, காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் ஒருவராவது கேட்டு அறிந்துகொள்ளுங்கள். விளங்காவிட்டால் அந்த இடத்திலேயே வைத்தியரிடம் கேட்கலாம். பதிவாளரிடம் போய்ச் சான்றிதழாக வந்த பிறகு அதைத் திருத்துவது மாதக்கணக்கில் அலைச்சல்.